அறுபத்து மூன்று கிலோமீட்டர்

அந்த ஸ்போர்ட்ஸ் காரின் விலை ஒன்றரை வருடத்தில் நான்கு முறை ஏறியது. ஏறும் ஒவ்வொரு முறையும் ஷோரூம் மேனேஜருக்கு இரண்டு குரல்கள் தேவைப்பட்டன. இன்னும் பதிவு செய்யாதவர்களிடம் பேசுவது இழவு வீட்டுக் குரல்: "என்ன சார் பண்றது, கம்பெனி ஏத்திட்டாங்க, எங்க கையில ஒண்ணும் இல்ல." ஏற்கெனவே பதிவு செய்து காத்திருப்பவர்களிடம் பேசுவது கல்யாண வீட்டுக் குரல்: "உங்களுக்குப் பழைய விலைதான் சார். நீங்க கொடுத்துவச்சவர்." இரண்டு போனுக்கும் நடுவில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் போதும், குரல் மாறிவிடும். பதினான்கு வருடம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியதில் அவர் கற்ற வித்தை அது.

இந்த விலையேற்றத்தில் ஒரு கூத்து இருந்தது. இன்றைக்குப் பதிவு செய்கிறவர் ஒன்றரை மடங்கு விலையும் கொடுத்து, இரண்டு வருடம் காத்தும் கிடக்க வேண்டும். அதனால் பழைய விலைக்கு எடுத்த வண்டி, ஷோரூம் கேட்டைத் தாண்டிய நிமிடமே வாங்கியதைவிடப் பெரிய விலைக்குப் போகும். அப்படி எடுத்து அப்படியே கைமாற்றிவிட ஒரு கூட்டமே கிளம்பியிருந்தது. அவர்களுக்கு வண்டியின் நிறம் முக்கியமில்லை, வேகம் முக்கியமில்லை, மீட்டர்தான் முக்கியம். ஐம்பது கிலோமீட்டருக்குள் ஓடியிருந்தால் அது புது வண்டி. ஐம்பதைத் தாண்டினால் எவனோ உட்கார்ந்து அனுபவித்த வண்டி. எந்த மகான் இதை முடிவு செய்தான் என்று தெரியாது, ஆனால் வாங்குகிறவர்கள் எல்லோரும் அந்தக் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்.

அந்தக் கூட்டத்தில் பெரிய கை, கிரஷர் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஆள். கல் உடைக்கும் ஆலை மூன்று வைத்திருந்தார். ஆலைக்குள் இயந்திரம் உடைக்கும், ஆலைக்கு வெளியே அவர் உடைப்பார். டீசல் திருடியதாகச் சந்தேகப்பட்டு ஒரு லாரி டிரைவரின் முழங்காலைக் கல்லால் அடித்து நொறுக்கியவர் என்று மேனேஜருக்குத் தெரியும். அந்த டிரைவர் நொண்டி நடப்பதையும் அவர் பார்த்திருக்கிறார். இருந்தாலும் கிரஷர் இந்த ஷோரூமில் மூன்று வண்டி எடுத்தவர். மூன்று வண்டி எடுத்தவரிடம் யாரும் முழங்காலைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

இப்போது நான்காவது வண்டி வந்திருந்தது. பதிவு பழைய விலைக்கு. அன்று காலை பத்தரைக்கு ஒப்படைப்பு. கிரஷரிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு போக ஒரு பல் டாக்டர் கேட்டுக்கு வெளியே தன் காரிலேயே காத்திருந்தார். "மீட்டர் அம்பதுக்குள்ளதான இருக்கும்?" என்று முந்தின வாரம் கிரஷர் போனில் கேட்டபோது மேனேஜர் கல்யாண வீட்டுக் குரலில், "நாப்பதுக்கு மேல ஒரு அடிகூட ஓடாது சார், நான் இருக்கேன்" என்று சொல்லியிருந்தார்.

அவர் பொய் சொல்லவில்லை, மறந்துபோனார். ஒப்படைப்புக்கு முன்னால் ஒவ்வொரு வண்டியையும் ஷோரூம் ஆள் சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது கம்பெனி விதி. அது நாற்பது கிலோமீட்டராகத்தான் இருந்தது. நான்காவது முறை விலை ஏற்றியபோது, ஏன் ஏற்றினோம் என்று கம்பெனி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அதில் பதினொரு காரணங்கள் இருந்தன. ஒன்பதாவது காரணம், சோதனை ஓட்டம் இனி அறுபது கிலோமீட்டர் என்பது. மேனேஜர் அதைப் பிடித்துக்கொண்டார். "சும்மா ஏத்தல சார், இப்ப அறுபது கிலோமீட்டர் ஓட்டிப் பாத்து, அக்கு வேறா ஆணி வேறா செக் பண்ணிக் குடுக்கறாங்க" என்று புது ஆட்களிடம் அளந்தார். அளந்த சூட்டிலேயே யார்டில் நின்ற அத்தனை வண்டிக்கும் வேலைச் சீட்டில் அறுபது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். கிரஷரின் பழைய விலை வண்டியும் அந்தக் கும்பலில் நின்றது.

ஓட்டிப் பார்க்கும் வேலை அவருடைய மச்சானுடையது. மனைவியின் தம்பி, முப்பத்திரண்டு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஒரு வண்டியின் இரைச்சலைக் கேட்டே எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவான். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் மேனேஜர்தான், அதை வருடத்துக்கு நான்கு முறையாவது வீட்டில் ஞாபகப்படுத்தாமல் இருக்க மாட்டார். சீட்டைப் பார்த்துவிட்டு மச்சான் அவர் அறைக்கே வந்து கேட்டான்.

"மாமா, இது பழைய விலை வண்டி. நாப்பது போதாதா?"

மேனேஜர் போனில் இருந்தார். வாய்ப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டு, "எழுதினத ஓட்டு மச்சான், உயிர எடுக்காத" என்றார். அவன் ஓட்டினான்.

ஒப்படைப்பு அறை நான்கு பக்கமும் கண்ணாடி. நடுவில் வண்டி, மேலே சிவப்புத் துணி. கூரை முழுக்கக் குட்டி விளக்குகள். சுவரில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் கண்ணாடிகளுக்குத் திரை இறங்கி அறை இருட்டாகும், பிறகு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். பெரிய மனிதர்கள் அந்த நேரத்தில் சின்னப் பிள்ளைகளாகிவிடுவார்கள். கிரஷர் அதற்கெல்லாம் மசியவில்லை. பின்னால் தன் ஆட்கள் இருவரை நிறுத்திக்கொண்டு, துணியைத் தானே உருவித் தரையில் எறிந்துவிட்டு நேராக ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். ஸ்டார்ட் பொத்தானைத் தட்டினார். மீட்டர் எரிந்தது. அறுபத்து மூன்று.

"இது என்ன?" என்றார் கிரஷர்.

மேனேஜர் குனிந்து பார்த்தார். சீட்டு, சுற்றறிக்கை, போனைப் பொத்திய கை எல்லாம் ஒரே நொடியில் ஞாபகம் வந்தன. "நான்தான் தப்பா எழுதிட்டேன் சார்" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சுக்குப் பதிலாக அவர் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது.

"ஓட்டின ஆள கூப்பிடறேன் சார். அவன்கிட்டயே கேட்டுடலாம்."

மச்சான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். கிரஷர் வண்டியிலிருந்து இறங்கினார், பக்கத்தில் வந்தார், ஒரு வார்த்தை பேசாமல் அறைந்தார். மச்சான் பக்கவாட்டில் இரண்டடி போய் நின்றான். அடித்தது ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. கன்னத்தைக்கூடத் தொடாமல் மாமாவைத்தான் பார்த்தான்.

"நாப்பது ஓட்ட வேண்டிய வண்டிய அறுபது ஏண்டா ஓட்டின? எவள ஏத்திக்கிட்டு ஊர் சுத்தின?"

"சீட்டுல அறுபதுன்னு இருந்துச்சு சார்."

"எழுதினது யாரு?"

மச்சான் மறுபடி மாமாவைப் பார்த்தான். மேனேஜர் தரையைப் பார்த்தார். தரையில் வெள்ளை டைல்ஸ், அதில் கூரை விளக்குகளின் பிம்பம் ஒழுங்காக வரிசை கட்டியிருந்தது. இரண்டு அறையோடு முடிந்துவிடும் என்று அவர் நினைத்தார். கிரஷர் கோபம் பால் பொங்குகிற மாதிரி, சட்டென்று அடங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். லாரி டிரைவரின் முழங்காலும் கூடவே ஞாபகம் வந்தது. அது தன்னுடைய முழங்காலாகத் தெரிந்தது. கோழை என்றால் இவர்தான், இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

ஆட்களில் ஒருவன், அகலமான தாடைக்காரன், மச்சானின் வயிற்றில் முட்டியால் இடித்தான். அவன் மடங்கியதும் மற்றவன் முதுகில் உதைத்தான். கண்ணாடிக்கு வெளியே ரிசப்ஷனில் இருந்த பெண் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு மெக்கானிக் ஓடி வந்து கதவருகே தயங்கினான்.

"ஊரே வேடிக்கை பாக்குது மேனேஜரே," என்றார் கிரஷர். "அந்தத் திரைய எறக்கு."

மேனேஜர் போய்ப் பொத்தானை அழுத்தினார். நான்கு பக்கமும் திரை மெதுவாக, சத்தமில்லாமல் இறங்கியது. அறை இருட்டாகி, பிறகு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அந்த வெளிச்சத்தில் மச்சானின் மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் டைல்ஸில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"இப்ப சொல்லு. எழுதினவன் பேர சொன்னா உன்ன விட்டுடறேன். அவன பாத்துக்கறேன்."

மச்சான் தரையில் ஒரு கையை ஊன்றி நிமிர்ந்தான். மூன்றாவது முறையாக மாமாவைப் பார்த்தான். இரண்டு எட்டு தூரம்தான் இருவருக்கும் நடுவில். சொல்லிவிடுவானோ என்ற பயம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் மச்சான் அதைப் பார்த்தான், பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

"நான்தான் சார். நாப்பத அறுபதுன்னு நெனச்சு ஓட்டிட்டேன்."

"எந்தக் கையால ஓட்டின?"

கேள்வி முடிவதற்குள் தாடைக்காரன் அவன் வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். வண்டிக் கதவு திறந்தே இருந்தது. அந்தக் கதவைப் பற்றி மேனேஜர் இருநூறு பேரிடமாவது பெருமை பேசியிருப்பார். ஓங்கிச் சாத்த வேண்டாம், லேசாகத் தள்ளினால் போதும். கடைசி ஒரு விரல் அகலத்தைக் கதவே இழுத்துக்கொண்டு இறுக மூடும். "தொட்டில்ல குழந்தை தூங்கினாக்கூட எழாது சார்" என்பார். தாடைக்காரன் நான்கு விரல்களைக் கதவு விளிம்பில் வைத்து அழுத்தினான். கிரஷர் ஒரே ஒரு விரலால் கதவைத் தள்ளினார்.

கதவு வந்து விரல்களில் நின்றது. பிறகு உள்ளே மோட்டார் முனகியது. விலைக்குத் தகுந்த மோட்டார், அதுபாட்டுக்கு இழுத்தது. எலும்பு உடைகிற சத்தம் பெரிதாக இல்லை. பச்சைக் குச்சியை முறிக்கிற மாதிரி இரண்டு முறை கேட்டது. அதற்குப் பிறகு மச்சான் போட்ட அலறல்தான் அறையை நிரப்பியது. அவன் கால்கள் டைல்ஸில் வழுக்கி, உடம்பு முழுக்க அந்த நான்கு விரல்களில் தொங்கியது.

கதவைத் திறக்கிற இடம் மேனேஜருக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். அவர் பாய்ந்து போய் அதை அழுத்தினார். மச்சான் அவர் மேலேயே சரிந்தான். நடுவிரலும் மோதிர விரலும் தோலில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. மேனேஜர் தன் டையை உருவி அவன் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினார். முடிச்சு இரண்டு முறை நழுவியது. "மச்சான், மச்சான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்ல வேண்டிய அந்த ஒரு வரியை அப்போதும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு பல் டாக்டர் உள்ளே வந்தார். காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போயிருந்தார். தரையில் கிடந்தவனைப் பார்த்ததும் முகம் சுளித்தார். ரத்தத்தில் கால் படாமல் சுற்றி வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அறுபத்து மூணா?" என்றார்.

"தப்பு நடந்துபோச்சு டாக்டர்," என்றார் கிரஷர். குரல் தழைந்திருந்தது. "அதத்தான் விசாரிச்சுட்டு இருக்கோம்."

"பரவால்ல விடுங்க. காலைல இன்னொரு தடவ ஏத்திட்டாங்களாமே, வெளிய உக்காந்து செய்தி பாத்துட்டு இருந்தேன். இனிமே இந்த விலைக்கு எங்க கெடைக்கும். நூறு ஓடியிருந்தாலும் நான் எடுத்துக்கறேன்." கதவு விளிம்பைக் காட்டினார். "இத மட்டும் நல்லா தொடச்சுக் குடுங்க. உள்ள தோல் சீட்டுக்கு எறங்கினா கறை போகாது." போகிற போக்கில் மச்சானைப் பார்த்து, "ஐஸ் வைங்க" என்றும் சொன்னார்.

கிரஷர் சிரித்தார். நிம்மதிச் சிரிப்பு. "கேட்டியா மேனேஜரே, ஒண்ணும் இல்லாத விஷயத்துக்குப் போயி."

சுவரில் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று மாட்டியிருந்தது. மேனேஜர் மச்சானின் தலையைத் தரையில் மெதுவாக இறக்கி வைத்தார். எழுந்தார். சிலிண்டரைக் கொக்கியிலிருந்து எடுத்தார். துடைக்கத்தான் ஏதோ எடுக்கிறார் என்று நினைத்தோ என்னவோ யாரும் சட்டை செய்யவில்லை. இரண்டு கையாலும் தூக்கி, சிரித்துக்கொண்டிருந்த வாயிலேயே இடித்தார். கிரஷர் வண்டியின் பானட்டில் மல்லாந்து விழுந்தார். எழுந்திருக்கப் பார்த்தவரை மறுபடி இடித்தார். மூன்றாவது அடி தோளில் விழுந்து வழுக்கி முன் கண்ணாடியில் இறங்கியது. கண்ணாடி முழுக்க விரிசல் ஓடியது. கிரஷரின் பற்கள் மூன்று பானட்டில் உருண்டன. பல் டாக்டர் பக்கத்திலேயே இருந்தும் பிரயோஜனமில்லை, அவர் வண்டியின் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரை அடிக்கிறோம் என்று மேனேஜருக்குத் தெரிந்துதான் இருந்தது. அடித்ததில் பாதி தனக்கு விழ வேண்டியது என்பதும் தெரிந்திருந்தது. அதனாலேயே இன்னும் வேகமாக அடித்தார்.

பிறகு ஆட்கள் இருவரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். தாடைக்காரன் அவர் முகத்தை வண்டியின் கூரை விளிம்பில் மோதினான். புருவம் பிளந்தது. கீழே தள்ளி விலாவில் மிதித்தார்கள். அதற்குள் பணிமனை ஆட்கள் கம்பியும் ஸ்பானருமாகத் திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அப்புறம் ஆம்புலன்ஸ் வந்தது, அதற்கும் பிறகு போலீஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் மச்சானுக்கு இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மற்ற இரண்டும் தங்குமா என்று மூன்று நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். இனிமேல் ஸ்டியரிங் பிடிக்கிற வேலை, நட்டு முடுக்குகிற வேலை எதுவும் கிடையாது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிட்டார். மேனேஜருக்குப் புருவத்தில் ஏழு தையல், விலா எலும்பு ஒன்றில் விரிசல். சாயங்காலம் மச்சானின் கட்டில் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூச்சு இழுத்தால் குத்தியது.

மச்சான் விழித்துத்தான் இருந்தான்.

மனைவி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். தம்பியின் கையைப் பார்த்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுது ஓய்ந்ததும் கணவனின் பக்கம் திரும்பினாள். ரத்தம் காய்ந்த சட்டையைப் பார்த்தாள், தையலைப் பார்த்தாள்.

"ரிசப்ஷன் பொண்ணு போன்ல சொல்லிச்சு," என்றாள். "இவனுக்காக நீங்க ஒத்த ஆளா அத்தன பேரையும் அடிச்சீங்களாமே. உங்களப் போயி நான் எத்தன நாள் பயந்தாங்கொள்ளின்னு திட்டியிருக்கேன்." அவர் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அப்படி இல்ல," என்றார் மேனேஜர். "நீ நெனைக்கிற மாதிரி இல்ல. நான்..."

"ஆமாக்கா," என்று மச்சான் கட்டிலிலிருந்து குறுக்கிட்டான். மூக்கில் பஞ்சு இருந்ததால் குரல் அடைத்திருந்தது. "மாமா மட்டும் இல்லேன்னா கையே போயிருக்கும்."

அவள் இன்னொரு தடவை அழுதாள். நர்ஸ் வந்து மருந்துச் சீட்டைக் கொடுத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே மருந்துக் கடைக்குப் போனாள். செருப்புச் சத்தம் படிக்கட்டில் இறங்கும்வரை மச்சான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், நான் சொல்லிடறேன்," என்றார் மேனேஜர். "எனக்குத் தாங்கல. அவ வந்ததும் சொல்லிடறேன்."

"நீங்க ஒரு மயிரும் சொல்ல வேணாம்."

இத்தனை வருடத்தில் மச்சான் அவர் முன்னால் காலை நீட்டிக்கூட உட்கார்ந்ததில்லை.

"சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லல. இப்ப சொன்னா உங்களுக்கு மனசு ஆறும், அவளுக்கு வாழ்க்கை போயிடும். திரைய நீங்கதான் எறக்கினீங்கன்னு தெரிஞ்சா ஒரு நாள் உங்களோட இருக்க மாட்டா. எனக்கு ரெண்டு வெரலு போயிடுச்சு. எங்க அக்காவுக்கு எதுவும் போகக் கூடாது. அதுக்காகத்தான் அங்கயும் வாய மூடிட்டு இருந்தேன். உங்களுக்காகன்னு நெனச்சுடாதீங்க." மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னான். "என்னைக்காவது வாயத் தொறந்தீங்கன்னா, இந்த எடது கையாலயே உங்கள கொன்னுடுவேன். அவ முன்னாடி மாமான்னு கூப்பிடுவேன். அதோட சரி."

மேனேஜருக்கு அழுகை வந்தது. அழுதால் விலா குத்தும் என்பதால் அழவும் முடியவில்லை. சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. காலையில் ஏறிய விலையைப் பற்றிக் கேட்க யார் யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அதை எடுத்து அணைத்து வைத்தார்.

மனைவி மருந்தும் தண்ணீர் பாட்டிலுமாகத் திரும்பி வந்தாள். முதலில் கணவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து அவன் முடியைக் கோதிவிட்டாள்.

"ஏண்டா, உனக்காக உயிரக் குடுக்கப் போனாரே, மாமாவுக்கு வாயத் தொறந்து ஒரு நன்றியாவது சொன்னியா?"

"இப்பத்தான்க்கா சொன்னேன்," என்றான் மச்சான். "வேணும்னா அவரையே கேட்டுப் பாரு."

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். முகமெல்லாம் பெருமையாக இருந்தது.

"சொன்னான்," என்றார் மேனேஜர்.